கடைசிக் கேள்வி

கருங்கல் சந்தைக்கு மேற்கே, சானல் கரையோரம்
மழை ஓயாத ஐப்பசி.
ரப்பர் ஷீட் வாடை வீட்டுக்குள் ஏறிவிட்டது.
சாப்பாட்டு மேசையில் நாற்பத்தியொரு விடைத்தாள்கள்,
ஞாயிறு பள்ளி ஆண்டுத் தேர்வு, ஐந்தாம் வகுப்பு,
சிவப்புப் பேனா, ஒரு கிளாஸ் கட்டன்சாயா.

நோவாவின் மகன்கள் மூன்று பேர். சரி.
ஆலயத்தின் திரை எத்தனையாகக் கிழிந்தது? இரண்டு. சரி.
பேதுருவை அபிஷ் ‘பேத்துரு’ ஆக்கியிருக்கிறான்,
அரை மதிப்பெண் போட்டேன்.

கடைசிக் கேள்வி நானே வைத்தது.
‘கடவுளை உனக்கு எப்படித் தெரியும்? ஐந்து வரிகளில் எழுது.’
சேகரத்திலிருந்து வந்த மாதிரித் தாளில் அது இல்லை.
என்ன தைரியத்தில் வைத்தேனோ.

எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.
வானத்தில் இருக்கிறார், எங்கும் இருக்கிறார்
(ஒரே தாளில் இரண்டும்),
அம்மாவுக்குக் காய்ச்சல் மாற்றினார்,
உபதேசியார் சொன்னதால் தெரியும்.
சரி, சரி, சரி.

பெனிட்டா மட்டும்,
மரச்சீனி ஏற்றும் டெம்போக்காரர் தங்கையனின் மகள்,
வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போடுகிறவள்,
ஒரு வரி எழுதி, அதை அடித்து, அடியில் இன்னொன்று:
‘டீச்சர், தெரியும். எழுதினா அது போயிரும்.’

எனக்கு எவர்சில்வர் தட்டு பதினேழு உண்டு.
எல்லாம் வேத வினாடி வினாவில் வாங்கியது.
பின்பக்கம் வெட்டியிருக்கும்: செ. றோஸ்லெட், முதல் பரிசு.
அதில்தான் சோறு தின்கிறோம்.
வசனம் கேட்டால் எண்ணோடு சொல்வேன்,
மூச்சு விடாமல்.

தம்பி கிளாட்சன் பைக்கோடு விழுந்த ராத்திரி
நெய்யூர் ஆஸ்பத்திரியில், தியேட்டர் வாசலில்,
ஒரு வசனம் வரவில்லை.
ஒன்றுகூட.
டெட்டால் வாடை. யாரோ தள்ளிப்போன ஸ்ட்ரெச்சரின்
ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டது.
இரண்டே முக்கால் இருக்கும்.

எப்படிச் சொல்ல.
வெளிச்சம் எதுவும் வரவில்லை. குரலும் கேட்கவில்லை.
ஆறுதல் என்றால்கூடப் பொய், அழுகை நிற்கவே இல்லை.
இருட்டறையில் தூங்கி விழிக்கும்போது
இன்னொருவர் அங்கே இருப்பது
மூச்சுச் சத்தம் கேட்கும் முன்பே
தோலுக்குத் தெரியுமே,
அப்படி.
ஆனால் அறை நான்தான்.
வெகுகாலமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தவர் போல இருந்தது.
நான்தான் வீட்டுக்குள் வராமல்
வாசலில் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார்.
கிளாட்சன் பிழைக்கவில்லை.

அதனால்தான் சொல்ல முடியாமல் போயிற்று.
டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி ஆராதனையில்
மைக் வரிசையாகக் கைமாறும்.
கட்டி கரைந்தது, விசா வந்தது, கடன் தீர்ந்தது.
சாட்சி என்றால் முடிவு நன்றாக இருக்க வேண்டும்.
என்னிடம் வந்தால்
‘இந்த வருடமும் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்’ என்று
பக்கத்து ஞானசெல்வியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒன்பது வருடம்.
போய்விடும் என்ற பயமா?
இல்லை, போகாது. பயம் வேறு.
சொன்னால் அது கதையாகிவிடும்,
பிறகு கதைதான் நினைவிருக்கும்.

பத்து வயது. இவளுக்கு எங்கே வைத்து?
டெம்போவில் மூட்டைமேல் படுத்து வரும்போதா?
தங்கையன் குடித்துவிட்டு வந்த ஏதாவது ஒரு ராத்திரியிலா?
கேட்கமாட்டேன்.

அடித்த வரியை மட்டும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
பாதி தெரிந்தது.
பார்த்ததற்கு வெட்கமாகித் தாளைக் கவிழ்த்தேன்.

பூஜ்யம் போட முடியவில்லை.
ஐந்து போட்டால், அதுவும் ஒரு எவர்சில்வர் தட்டு.
சூப்பிரண்டு யோபுதாஸ் சார் ஞாயிற்றுக்கிழமை கேட்பார்,
‘றோஸ்லெட்டு, இதுல கூட்டல் முடிக்கல்லியே?’

சாயா ஆறிவிட்டது. ஆறியதையே குடித்தேன்.
அவள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து
அடுத்த தாளை எடுத்தேன்.
யோனா எத்தனை நாள் மீனின் வயிற்றில்?
மூன்று.
சரி.